விருந்தாளியின் தட்டு

அந்த நாவல் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குப் பிற்காலத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்டவெளியின் அகலத்தைக் காட்டத்தான் என்றார் ஒரு விமர்சகர். காலத்தின் சலிப்பை வாசகனுக்கு உணர்த்துகிற உத்தி என்றார் இன்னொருவர். படித்தவர்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மைக் காரணம் வார்சா நகரத்தில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை உள்ள ஒரு சின்ன வீட்டில் இருந்தது. எழுதிய இரண்டு பேருக்கும் அதை முடிக்க மனசில்லை. அவ்வளவுதான்.

கலினாவும் ஸெவெரினும் கணவன் மனைவியாக இருந்தபோது ஆரம்பித்த கதை அது. பாதியில் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனால் கதையும் நிற்கவில்லை, வீடும் மாறவில்லை. வார்சாவில் விவாகரத்து கிடைத்துவிடும், வீடுதான் கிடைக்காது. ஜன்னல் பக்கத்து அறை கலினாவுக்கு, சமையலறையை ஒட்டிய அறை ஸெவெரினுக்கு என்று நீதிபதி பிரித்துக் கொடுத்தார். சமையலறையும் குளியலறையும் பொது. தட்டச்சு இயந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அதுவும் பொதுவாகவே, சமையலறை மேசையில் ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரும் இதை அதிசயமாகப் பார்க்கவில்லை. மாடிக்கு மாடி இப்படி ஒரு ஜோடி இருந்தது. சில வீடுகளில் பால் புட்டியில்கூடப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

அடித்தான், குடித்தான், இன்னொருத்தியைத் தேடிப் போனான் என்றால் ஊர் நம்பும். ஸெவெரின் அதில் ஒன்றும் செய்தவன் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் தர்க்கவியல் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். கலினா வானிலை நிலையத்திலிருந்து திரும்பி, அன்று நடந்ததையெல்லாம் கொட்டுவாள். அவன் "ம்" என்பான். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் கட்டிக்கிட்ட ஆளு நீ இல்ல. அவன் எங்கயோ போயிட்டான். நீ அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

அவன் நன்றாக யோசித்துவிட்டு, "யோசிச்சா, யாருமே அப்படித்தானே" என்றான்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவள் விவாகரத்து கேட்டாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். ஏன், ஒரு தட்டை எடுத்து உடைத்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

நாவலின் கதை இதுதான். ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கிடையே போய்க்கொண்டிருக்கிறது. எந்த உடம்பும் தாங்காத தூரம். ஆகவே உடம்பு தேய்ந்ததும் இயந்திரம் அந்த ஆளின் நினைவையெல்லாம் எடுத்துப் புதிய உடம்பில் ஊற்றிவிடும். இதற்கு மறுவார்ப்பு என்று பெயர். எழுந்து உட்காருகிறவனுக்குச் சின்ன வயதில் தின்ற செர்ரிப் பழத்தின் புளிப்புவரை ஞாபகம் இருக்கும். ஆனால் எழுந்தவன் அவனேதானா? கப்பலில் ஓரியா என்று ஒருத்தி, தேம் என்று ஒருத்தன். முதல் உடம்பில் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

விவாகரத்து மனு போட்ட அதே வாரம் கலினா ஓர் அத்தியாயம் எழுதினாள். அதில் கப்பலின் சபை கூடி ஒரு சட்டம் போட்டது. நினைவு தொடரும், வாக்கு தொடராது. பழைய வார்ப்பு கொடுத்த வாக்குக்குப் புதிய வார்ப்பு கட்டுப்பட வேண்டியதில்லை. ஓரியா, தேம் கல்யாணமும் அந்தச் சட்டத்தோடு போயிற்று.

ஸெவெரினால் அதை மாற்ற முடியாது. அவர்கள் எழுதுகிற முறை அப்படி. ஓர் அத்தியாயம் அவள், அடுத்தது அவன். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்கவோ திருத்தவோ கூடாது, அங்கிருந்து மேலே கொண்டுபோகத்தான் வேண்டும். ஆகவே அவன் தேமை வாதாட விட்டான். சட்டை மாற்றினால் கடன் தீர்ந்துபோகுமா என்று தேம் கேட்டான். தைத்தவன் செத்தாலும் சட்டை குளிர் தாங்குகிறதே என்றான். ஓரியா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவன் வாதாட, இவள் மறுக்க, நாவல் அனுமார் வாலாக நீண்டது. பேச வேண்டியதையெல்லாம் ஓரியாவும் தேமும் பேசிக்கொண்டார்கள். கலினாவும் ஸெவெரினும் உப்பு எங்கே, குளியலறையில் யார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில் தெக்லா அவர்களைப் பதிப்பகத்துக்குக் கூப்பிட்டாள். தெக்லாதான் அவர்களுடைய நாவலைப் பார்க்கிற பதிப்பாசிரியை. வாயில் சிகரெட்டும் கையில் சிவப்புப் பென்சிலும் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"பிள்ளைங்களா, நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இது முடியுமா, முடியாதா?" என்று ஆரம்பித்தாள். "தத்துவம் வேணாம்னு நான் சொல்லல. ஆனா இந்தத் தேம் ஒரு கதவைத் திறக்க முப்பது பக்கம் யோசிக்கறான். கதவுதானே? திறந்து தொலைய வேண்டியதுதானே?"

"கைப்பிடியைத் தொட்டவனும் கதவைத் திறக்கறவனும் ஒரே ஆளான்னு..." என்று ஸெவெரின் இழுத்தான்.

"நீ வாயை மூடு. கலினா, நீயாவது சொல்லேன், ரெண்டுல ஒண்ணு புத்தியுள்ளதா இருக்க வேணாமா?"

"அவன் திறக்கட்டும்னுதான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் கலினா.

தெக்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புகையை ஊதினாள். "இதை அச்சடிக்கக் காகிதம் ஒதுக்கி வெச்சிருக்கேன். வருஷம் தாண்டினா அது டிராக்டர் ஓட்டறவங்களோட கையேட்டுக்குப் போயிடும். புத்தாண்டுக்குள்ள கடைசி அத்தியாயம் என் மேசையில இருக்கணும். தேம் அவளை விட்டுப் போகட்டும், இல்ல இருக்கட்டும். நடுவுலயே நிக்கவெச்சு என் உயிரை வாங்காதீங்க."

தலையில் கல்லைப் போட்ட மாதிரி அவள் அதைச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது கல் சில நாள் கழித்து விழுந்தது. ஸெவெரின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"எனக்கு வீடு ஒதுக்கிட்டாங்க. கூட்டுறவுச் சங்கத்துல. உர்சினூஃப் பக்கம், புதுக் கட்டடம். சாவி வாங்கிட்டேன்."

கலினா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள்.

"கிறிஸ்துமஸ் பண்டிகை முடிஞ்சதும் போகலாம்னு."

"ஆமா, பண்டிகை முடியட்டும்."

"உனக்கும் இடம் விசாலமாயிடும். தட்டச்சு மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம். வெளிச்சம் நல்லா இருக்கும்."

"ஆமா" என்றாள் கலினா. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த மனுஷன் போய்விடுவான். நாவல் முடிந்தால் இவனோடு பேச ஒரு சாக்குகூட மிஞ்சாது. இருமல், கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கிற சத்தம், உரித்த உருளைக்கிழங்கில் முளைக்கண்களை விட்டுவிடுகிற அந்தச் சோம்பேறித்தனம் எல்லாம் உர்சினூஃபுக்குப் போய்விடும். இரு என்று சொல்லலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? விவாகரத்து கேட்டது யார்? வாக்கு தொடராது என்று சட்டம் போட்டது யார்?

வாயால் சொல்ல முடியாததை அவள் வழக்கம்போல் எழுதினாள். அவளுடைய அடுத்த அத்தியாயத்தில் ஓரியா, எத்தனையோ வார்ப்புகளாகத் தன் கையால் வரைந்து வந்த நட்சத்திர வரைபடத்தைத் தேமிடம் கொடுக்கிறாள். கலினாவைப் பொறுத்தவரை அதற்கு ஒரே அர்த்தம்தான். என் வழியெல்லாம் உன் கையில், நீ இல்லாமல் எனக்கு எங்கேயும் போகத் தெரியாது. எழுதிவிட்டு வெட்கமாகக்கூட இருந்தது, இவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டோமே என்று. தாள்களை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஸெவெரின் பதில் அத்தியாயத்தை அதே இடத்தில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தான். கலினா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். தேம் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறான். ஓரியாவுக்கு நன்றி சொல்கிறான். கப்பலின் வயிற்றிலிருக்கும் சின்னப் படகில் ஏறி உட்காருகிறான். வெளிக்கதவு திறப்பதற்காகக் காத்திருக்கிறான்.

அவ்வளவு மரியாதையாக ஒருத்தன் பிரிந்துபோவதை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவனுக்குப் போக ஆசை, அதைத்தான் சொல்லியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். எழுதியதை அழிக்கக் கூடாது. கடைசி அத்தியாயம் அவளுடையது. இனி அவள் செய்ய வேண்டியது கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான். அதைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. தினமும் இயந்திரத்தில் தாளைச் செருகினாள், வெறும் தாளாகவே உருவினாள்.

பண்டிகை விருந்துக்கு முந்தைய நாள் ஸெவெரின் வரிசையில் நின்று உயிருள்ள கெண்டை மீன் வாங்கி வந்தான். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து அதை விட்டான். வருஷா வருஷம் மீனை அடித்துக் கொடுக்கிற கீழ்வீட்டுப் பெரியவர் இந்தத் தடவை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை இருவரும் தொட்டியோரம் நின்றார்கள். ஸெவெரின் கையில் சுத்தியல் இருந்தது.

"அடி" என்றாள் கலினா.

"எங்க?"

"தலையில."

"அது என்னையே பாக்குது."

"தர்க்க வாத்தியாரே, உனக்கு ஒரு வழி சொல்றேன். நேத்து நீ வாங்கிட்டு வந்த மீன் வேற, இது வேற. நேத்தைய மீனோட நீ கொண்டாடின உறவெல்லாம் தொடராது. அடி."

"அது வேற மீன்னா, இதை நான் வாங்கவே இல்லையே. வாங்காத மீனை எப்படி அடிக்கறது? அது திருட்டு மாதிரி."

"மீனைக் கொல்லத் துப்பில்ல, பேச்சைப் பாரு!"

"நீ அடியேன். இந்தா."

அவள் சுத்தியலை வாங்கினாள். மீன் வாயைத் திறந்து மூடியது. கலினா சுத்தியலைக் கழுவு தொட்டியில் வைத்துவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஸெவெரின் தொட்டியோரம் குந்தி உட்கார்ந்து தண்ணீரில் விரலை விட்டான்.

"பாவம்" என்றான். "நாம இதை வெச்சு என்னென்னமோ வாதம் பண்றோம். இங்க வர்றியான்னு இதை யாரு கேட்டா?"

சிரித்துக்கொண்டிருந்த கலினா அப்படியே நின்றுவிட்டாள்.

யார் கேட்டார்கள்? தொள்ளாயிரம் பக்கம். பழைய வாக்கு செல்லும் என்று தேம், செல்லாது என்று ஓரியா. கோர்ட்டில் வழக்காடுகிற மாதிரி வழக்காடியிருக்கிறார்கள். பழையது செல்லாவிட்டால் போகட்டும், புதிதாக ஒன்றைக் கேட்கலாமே என்று ஓரியாவுக்கும் தோன்றவில்லை, தேமுக்கும் தோன்றவில்லை. எழுதிய இரண்டு மரமண்டைகளுக்கும் தோன்றவில்லை. சட்டத்தில் அதற்குத் தடையே கிடையாது. அவள் எழுதிய சட்டம், அவளுக்குத் தெரியாதா?

சமையலறைக்கு ஓடி இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஓரியா படகின் கதவருகே வந்தாள் என்று அடித்தாள். தேம் தலையை நிமிர்த்தினான் என்று அடித்தாள். ஓரியா வாயைத் திறந்தாள் என்று அடித்தாள். அதோடு விரல்கள் நின்றுவிட்டன. இதையும் எழுதி ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அவன் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஆற அமர யோசிப்பான். வரைபடத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். தாளை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு அவள் பீட்ரூட் சூப்பைக் கிளறப் போனாள்.

சாயங்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்காக, வழக்கப்படி மேசை விரிப்பின் கீழே வைக்கோல் பரப்பி, மூன்று தட்டு வைத்தாள். அவளுக்கு, அவனுக்கு, வழி தப்பி யாராவது வந்தால் அந்த விருந்தாளிக்கு. அன்று அப்படி ஒரு தட்டு அதிகமாக வைப்பது ஊர் வழக்கம். கெண்டை உயிரோடு நீந்திக்கொண்டிருந்ததால் ஊறுகாய் மீனை வைத்து ஒப்பேற்றினாள். ஸெவெரினின் புத்தகப் பெட்டிகள் கயிறு கட்டி வாசல் நடையில் அடுக்கியிருந்தன. அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றான். முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு. வானம் முழுக்க மேகம்.

"வானிலைக்காரி, மேகம் எப்ப விலகும்?"

"வேலை நேரத்துல வந்து கேளு."

"தொள்ளாயிரம் பக்கம் நட்சத்திரத்தைப் பத்தியே எழுதியாச்சு. ஒண்ணே ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது."

"அதோ பாரு!"

"அது விமானம். நகருது."

"நட்சத்திரம்னே வெச்சுக்குவோம். எனக்குப் பசிக்குது."

கலினா மெல்லிய வெள்ளை அப்பத்தை எடுத்தாள். அதை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் அப்பத்தில் மற்றவர் ஒரு துண்டு உடைத்து, நேருக்கு நேர் பார்த்து வாயால் வாழ்த்த வேண்டும். அன்று மட்டும் யாராலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஜென்மப் பகையாளிகள்கூட வாயைத் திறந்தாக வேண்டும். அவள் திரும்பியபோது ஸெவெரின் மூன்றாவது தட்டுக்குப் பின்னால் போய் நின்றிருந்தான்.

"அங்க ஏன் நிக்கற?"

"இன்னைக்கு நான் விருந்தாளிதானே. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. அந்தத் தட்டுக்காரன் கிளம்பிட்டான்."

வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான். குரல் உடன்படவில்லை. கையை நீட்டி அவள் அப்பத்தில் ஒரு துண்டை உடைத்தான்.

"உடம்பு நல்லா இருக்கணும். நாவல் நல்லபடியா முடியணும். புது இடத்துல... இல்ல, புது இடம் எனக்கு. உனக்குப் பழைய இடத்துல நிம்மதி கிடைக்கணும்."

இப்போது கலினாவின் முறை. அவன் அப்பத்தில் ஒரு துண்டை உடைத்தாள்.

"தேம் ஏன் படகுல ஏறினான்?"

"இது வாழ்த்தா?"

"சொல்லு."

"அவதான் வரைபடம் கொடுத்தாளே. போறவனுக்குத்தானே வரைபடம். போன்னு சொல்றா, சங்கடப்படுத்தாம ஏறிடுவோம்னு ஏறினான்."

"போறதுக்கா கொடுத்தா? அடப்பாவி! என் வழியெல்லாம் உன் கையிலன்னு கொடுத்தா."

ஸெவெரின் விழித்தான். "அப்படி எழுதலையே."

"எழுதல. அதான் வாயால சொல்றேன், குறுக்க பேசாதே." கலினாவின் கையில் அப்பம் தூளாகிக்கொண்டிருந்தது. "என்னைக் கட்டிக்கறேன்னு சொன்ன பழைய ஸெவெரின் போயிட்டான். அவனை நான் தேடல. அந்தச் சட்டம் சரிதான், அதை மாத்தப்போறதும் இல்ல. விவாகரத்து கேட்டாளே, அந்தக் கலினாவும் போயிட்டா. இப்ப நிக்கறது நீ. உருளைக்கிழங்கை அரைகுறையா உரிக்கறவன், மீனை அடிக்கத் தெரியாதவன், சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மரியாதையா படகுல ஏறி உக்காந்தவன். இவனை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நான் கேக்கறேன். எங்கூட இருக்கியா?"

ஸெவெரின் நெற்றியைச் சுருக்கினான். "யோசிச்சா..." என்று ஆரம்பித்தான்.

கலினாவுக்கு உயிர் போய்விட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல" என்றது அவன் குரல். "யோசிக்கல. இருக்கேன்."

அவள் அழுதாள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் மீந்திருந்த அப்பத்தை முழுசாக அவளிடம் நீட்டினான். அவள் அழுதுகொண்டே அதை வாங்கித் தின்றாள்.

"வீடு?" என்று மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

"வார்சாவுல கிடைச்ச வீட்டை விட எனக்கென்ன பைத்தியமா? ரெண்டையும் கொடுத்துட்டுப் பெருசா ஒண்ணு மாத்திக்கலாம். குளியல் தொட்டி ரெண்டு இருக்கற வீடாப் பாக்கணும்."

"ரெண்டு எதுக்கு?"

"நாம குளிக்க வேணாமா?"

குளியலறையில் மீன் ஒரு தடவை துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. கலினா சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்து, சூப்பை ஊற்ற ஆரம்பித்தாள். "உக்காரு, ஆறுது" என்றாள். ஸெவெரின் தனக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்தான்.

"அது இல்ல" என்றாள் கலினா. "அது வர்றவங்களுக்கு."

அவன் நாற்காலியைத் திரும்பத் தள்ளி வைத்தான். மேசையைச் சுற்றி வந்து, தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.